தண்டவாளப் பூ

ஆறு மாதமாக
உங்கள் வலப்பக்க அடிவயிற்றில் இருக்கிறது
நான் தந்தது.
நீங்கள் இருமினால் ஒரு கை
தானாக அங்கே போகிறது.
உங்கள் கையல்ல, என் கை.

செவ்வாய் தோறும் மியூன்ஸ்டர்.
ஹம்மிலிருந்து விடியற்கால ரயில்.
காலை மாத்திரை போடாமல்
வெறும் வயிற்றோடு நீங்கள்.
பாணும் அவித்த முட்டையும்
ரத்தம் எடுத்தபின் விழுங்கவேண்டியதும்
என் பையில்.

மே மாதம் வரை மருந்தின் அளவு
ஏழு, எட்டு.
ஜூலையில் மூன்று.
பிறகு இரண்டு புள்ளி ஒன்று.

டாக்டர் ஓஸ்டர்ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றினார்.
மாத்திரையை மறந்தீர்களா?
மறக்க வழியில்லை, நான்தான் எண்ணித் தருகிறேன்,
தீர்த்தம் வாங்குவது போல்
உள்ளங்கையைக் குழித்து வாங்குகிறீர்கள்.
வேறு ஏதாவது? தேநீர், மூலிகை?
இல்லை என்றீர்கள்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
சுவரில் தொங்கிய
சிறுநீரகப் படத்தைப் பார்த்தீர்கள்.

குளிர்கால டயர் தேடி
நிலவறைக்குப் போனது நான்.
பழைய கோட்டுகளுக்கு நடுவே ஒரு கயிறு,
கயிற்றில் தலைகீழாய்க் கட்டுக் கட்டாய்
மஞ்சள் பூ.
காய்ந்தும் மஞ்சளை விடாத பூ.
பாவனையில் இல்லாத தண்டவாளக் கரையில்
ஜூன் கடைசியில் பூப்பது.
போகும் வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்,
பெயர் கேட்டதில்லை.

மொட்டொன்றை நசுக்கினேன்.
விரல் சிவந்தது.
இலையை பல்புக்கு நேரே பிடித்தேன்.
ஊசி குத்தினாற்போல் பொட்டுப் பொட்டாய் வெளிச்சம்,
டயாலிசிஸ் காலத்து
உங்கள் இடது கை.

நிலவறைச் சன்னலில்
ஒரு சாண் வெயிலில்
ஜாம் போத்தல், உள்ளே எண்ணெய்,
பாதி சிவந்தது.
மூடியில் உங்கள் கிறுக்கல்:
லினியின் காயத்துக்கு.

மூன்றாம் மாடி ஹில்டெபிராண்ட் அம்மாவிடம் கேட்டேன்.
ஓம், நான்தான் சொன்னேன் என்றா.
யோஹான்னஸ் பூ.
எண்ணெயில் ஊறினால் சுட்ட புண்ணுக்கு, வெட்டுக்கு.
கொதிநீரில் போட்டால்
நெஞ்சில் இருட்டு உட்கார்ந்தவர்களுக்கு.
உங்கள் வீட்டுக்காரர்
ஒவ்வொரு பின்னேரமும் அரை மணி நேரம்
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுப் படியில்
இருக்கிறாரே, உங்களுக்குத் தெரியாதா?

தெரியாது.
பஸ் பிந்துகிறது என்று நினைத்திருந்தேன்.

பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்றீர்கள்.
செய்யும்.
செய்வதால்தானே குடித்தீர்கள்.
அது உள்ளே போனால்
கல்லீரலுக்கு அவசரம் பிடிக்குமாம்,
கண்ட மருந்தையும் கழுவித் தள்ளுமாம்,
என் உறுப்பை உங்கள் உடம்பு
அந்நியம் என்று கண்டுபிடிக்காமல்
காவல் நிற்கிற மருந்தையும்.
மருந்துக்கடைப் பெண் இதைச் சொன்னபோது
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
வரவில்லை.
அந்தப் படியை எண்ணிக்கொண்டு நின்றேன்.
கிட்னி தந்தவளிடம் போய்
மனம் சரியில்லை என்று
எப்படித்தான் சொல்வது?

டாக்டருக்கு எல்லாம் சொல்லியாயிற்று.
அவசரம் அடங்க இரண்டு கிழமையாவது ஆகும்.
அதுவரை ஒன்றுவிட்ட ஒருநாள் ரத்தம்.
மனதுக்கு வேறொரு டாக்டரின் பெயர்,
முதல் இடம் நவம்பரில்.

பூவை எறியச் சொன்னார்கள்.
பழுப்பு வாளியைத் திறந்து
கொட்டினேன்.
ஒரு பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

எனக்குத் தடையில்லை.
நான் ஒரு மாத்திரையும் எடுப்பதில்லை.
சுகமான உடம்பு என்று
ஆஸ்பத்திரி முத்திரை குத்தித் தந்த உடம்பு,
இரவில் தையல் கடிக்கிற உடம்பு,
மூன்று மணிக்கு எழுந்து
குசினி விளக்கைப் போடாமல் நிற்கிற உடம்பு.

கேத்தில் கொதித்தது.
வாசலில் நின்று கேட்டீர்கள்,
உமக்கேன் இது?

கைத்தது.
தேன் விட்டேன், அப்பவும் கைத்தது.
கோப்பையைத் தூக்கிக்கொண்டு செருப்பைப் போட்டேன்.
அந்தப் படியில்
இரண்டு பேருக்கு இடம் காணுமோ?